தேத்தண்ணி பற்றி எழுத வெளிக்கிட்டு 11 ஆம் பக்கத்தில நிண்டு போனன், தொடர்ந்து எழுதுறவை எப்பிடி எழுதுறியள்?

உப்புவெளிக்காரி
ஜூன் 14, இரவு 9.52

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருசமா சத்தம் போடாம வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிற ஆள் நான், இண்டைக்குத்தான் துணிஞ்சு ஒரு இழை திறக்கிறன். இடம் பிழையெண்டா மொடறேட்டர் தூக்கி மாத்தி விடுங்கோ.

கதை என்னெண்டா, தைப்பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு சீஆர் கொப்பி வாங்கினன். குடிக்கிற தேத்தண்ணி எல்லாத்தையும் பற்றி அதில எழுதி, சரிவந்ததை டைப் பண்ணி வலைப்பூவில போடுறதெண்டு திட்டம். முதல் கிழமை எனக்கு நித்திரையே இல்ல, அவ்வளவு உசார். பேர் யோசிக்க ரெண்டு நாள், மேல போடுற படத்துக்கு மூண்டு நாள், எழுத்துரு தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு. பிறகு எழுதவும் செய்தன். இலங்கைத் தேயிலையின் வரலாறு, பச்சைத் தேநீரின் மகத்துவம், தேநீர் தயாரிக்கும் சரியான முறை, இப்பிடி ஆறு பதிவு. பாத்தது மொத்தம் 31 தரம். அதில பாதி நானே பிழை திருத்தப் போனது, மிச்சத்தில பாதி தங்கச்சி.

மாசி கடைசியோட எல்லாம் நிண்டுது. வேலை விட்டு வந்து குளிச்சுச் சாப்பிட்டா பஞ்சியாக் கிடக்கு. கொப்பி மேசையில கிடக்கு, அதுக்கு மேல போன் சார்ஜர் கிடக்கு. சரி இண்டைக்கு எழுதுவம் எண்டு இருந்தாலும் என்னத்தை எழுத? திருகோணமலையில ஒரு தேயிலைச் செடி கூட இல்ல, மலைநாட்டில இருக்கிற ஆக்கள் எழுதினா பொருத்தம், இஞ்ச கடலும் கருவாடும்தானே. நாலஞ்சு வருசமா விடாம எழுதுறவை இருக்கிறியள், உங்களுக்கு அந்த உசார் எங்கயிருந்து வருது எண்டு சொல்லுங்கோவன்.


பஞ்சி மன்னன்
ஜூன் 14, இரவு 10.05

31 தரமா? எனக்கு மூண்டு வருசத்தில 19. சந்தோசமா நித்திரை கொள்ளுங்கோ அக்கா.


ஓர்ஸ்ஹில் கிழவன்
ஜூன் 15, காலை 6.20

பிள்ளை, உங்கட ஆறு பதிவும் இப்பத்தான் வாசிச்சு முடிச்சன், அப்ப பாத்தது 37 தரம் எண்டு திருத்திக்கொள்ளும்.

கோவிக்கப்படாது. 1824-ல பேராதனைப் பூங்காவுக்குச் செடி வந்தது, 1867-ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர் நட்டது, 1869-க்குப் பிறகு கோப்பியில துரு நோய் விழுந்து தோட்டமெல்லாம் தேயிலைக்கு மாறினது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா இது பள்ளிக்கூடப் புத்தகத்தில இருக்கு, பெட்டியின்ர பின்பக்கத்தில கூட இருக்கு. உம்மட வாய் அதில எங்க? ஆறு பதிவிலயும் நீர் ஒரு மிடறு கூடக் குடிக்கேல்ல.

நான் கொழும்பில ஒரு தேயிலைத் தரகர் கம்பனியில 22 வருசம் இருந்தவன், எழுதுவினைஞரா. ருசி பாக்கிறவையின்ர அறைக்கு நான்தான் கொப்பி கொண்டு போறது. நீள மேசை, வெள்ளைப் பீங்கான் கோப்பை வரிசையா, ஒவ்வொண்டுக்கும் முன்னால காய்ஞ்ச தேயிலை ஒரு தட்டத்தில, ஊறின சக்கை மூடியில. மனுசன் கரண்டியால அள்ளி 'சர்ர்' எண்டு ஒரு சத்தத்தோட உறிஞ்சி, வாயில ஒரு சுத்துச் சுத்தி, படிக்கத்தில துப்பிப்போட்டு அடுத்த கோப்பைக்குப் போயிடுவார். ஏலத்துக்கு முன்னம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில கோப்பை. ஒவ்வொண்டுக்கும் அவர் சொல்லுறது மூண்டு சொல், கூடினா நாலு. 'பிரைட்', 'பிரிஸ்க்', 'கொஞ்சம் புகை', 'பேக்கி'. பேக்கி எண்டா அடுப்பில சூடு கூடிக் கருகப் பாத்தது. நான் எழுதிக்கொண்டே பின்னால போவன்.

அவருக்கு உசார் இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. மாமியார் செத்து எட்டு முடிஞ்ச அடுத்த நாளும் வந்து துப்பினவர். நீர் எழுதுறதுக்கெண்டு குந்தாதையும், குடிச்ச கையோட மூண்டு சொல் எழுதும். வலைப்பூவைப் பிறகு பாப்பம்.


உப்புவெளிக்காரி
ஜூன் 15, மாலை 5.40

அய்யா, 'உம்மட வாய் அதில எங்க' எண்டதை வாசிச்சுப்போட்டு பஸ்ஸில தனிய இருந்து சிரிச்சன். உண்மைதான். ஆனா மூண்டு சொல்லுக்கே எனக்குச் சொல் இல்லையே. கொப்பியில பாத்தா 'நல்லா இருந்தது' எண்டு ஏழு இடத்தில எழுதியிருக்கிறன். கொஞ்சம் வித்தியாசமா எழுதினது ஒண்டே ஒண்டு, 9 ஆம் பக்கம்: 'பீஓபி, அம்மா போட்டது, பால் இல்லை, மெல்லிய கடல் வாசம், உப்புக்காற்றின் சாயல்.' (பீஓபி எண்டா உடைஞ்ச இலைத் தேயிலைத் தரம் ஒண்டு.) அதை நினைச்சா இப்பவும் பெருமையாக் கிடக்கு.


ஓர்ஸ்ஹில் கிழவன்
ஜூன் 15, மாலை 6.02

அந்தத் தேயிலைப் பக்கெட் வீட்டில எந்த இடத்தில இருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்.


உப்புவெளிக்காரி
ஜூன் 15, மாலை 6.31

கருவாட்டு டின்னுக்குப் பக்கத்தில.


பஞ்சி மன்னன்
ஜூன் 15, மாலை 6.33

உப்புக்காற்றின் சாயல்!!! கும்பிடுறன் அக்கா, இதுக்காகவே நான் வலைப்பூவுக்கு வாறன்.


ஓர்ஸ்ஹில் கிழவன்
ஜூன் 15, இரவு 7.10

சிரிக்காதையுங்கோ, அவவின்ர நாக்குச் சரி, அலுமாரிதான் பிழை. தேயிலை தொழிற்சாலையால வெளிக்கிடேக்க அதில ஈரம் நூற்றுக்கு மூண்டளவிலதான் இருக்கும், அதால பக்கத்தில இருக்கிற ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கப்பலில ஏத்தேக்க மிளகோட கறுவாவோட சேத்து வைக்கமாட்டினம். எங்கட ஊர்க் காத்தில இன்னும் கெதியாப் பழுதாகும், பக்கெட்டை உடைச்சா மூடி இறுக்கமான தகர டின்னில போட்டு அடுப்புக்கும் கருவாட்டுக்கும் எட்டத்தில வைக்கோணும்.

பிள்ளை, இதை அப்பிடியே எழுதிப் போடும். டெய்லரை விட இது நல்ல பதிவு.


ஜாவா வீதி ஜலீல்
ஜூன் 16, காலை 10.15

தங்கச்சி, நான் கிண்ணியாவில தேத்தண்ணிக் கடை வச்சிருக்கன், வாப்பாட காலத்துக் கடை. உசார் எங்கயிருந்து வருதெண்டு கேட்டிருக்கிறிய, கடைக்காரன் சொல்றன் கேளுங்க. சுபஹுத் தொழுகை முடிஞ்சு ஆக்கள் வெளிய வரக்குள்ள கேத்தில் கொதிச்சுக்கொண்டு இரிக்கோணும். ஒரு நாள் பிந்தினா சிரிச்சுப்போட்டுப் போவாங்க, ரெண்டு நாள் பிந்தினா முன் கடையில போய் இருந்திருவாங்க, மூணாம் நாள் நான் துறந்தாலும் வரமாட்டாங்க ஏனெண்டா அங்க கதை தொடங்கியிருக்கும். எனக்கு உசார் வந்தா என்ன வராட்டி என்ன, நேரம்தான் கணக்கு. நீங்க கிழமையில ஒரு நாளைச் சொல்லி அண்டைக்குத் துறங்க. வெள்ளிக்கிழமை எண்டா வெள்ளிக்கிழமை. ஒரு ஆள் வந்தாலும் அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க.

இன்னொண்டு, எழுத ஒண்டுமில்ல எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க? எண்ட கடையில வாற ஆக்களையே பாருங்க. தோணிக்காரர் வந்தா சாயம் கூட, சீனி கூட. ஆசிரியர்மார் பால் தேத்தண்ணி. ஒரு மூத்த மனுசன், சீனியைக் கையில வாங்கி நக்கி நக்கித்தான் பிளேன்டீ குடிப்பார், கோப்பைக்குள்ள போட விடமாட்டார். டயபட்டீஸ் வந்து டொக்டர் சீனியை நிப்பாட்டினதுக்குப் பிறகும் வந்து இடக்கையை நீட்டுவார். நான் ஒண்டும் வைக்கிறேல்ல. வெறுங்கையை ஒருக்காப் பாத்துப்போட்டுக் குடிப்பார்.


உப்புவெளிக்காரி
ஜூன் 16, மதியம் 12.50

ஜலீல் நானா, அந்த வெறுங்கையை நான் எழுதலாமா? உங்கட பேர் போடமாட்டன்.


ஜாவா வீதி ஜலீல்
ஜூன் 16, மதியம் 1.30

எழுதுங்க எழுதுங்க. அவருக்கும் வாசிச்சுக் காட்டுறன்.


ஸ்காபரோ திருமலையான்
ஜூன் 17, அதிகாலை 4.45

இஞ்ச நேரம் பின்னேரம், அங்க எல்லாரும் நித்திரை எண்டு தெரியும். நானும் நாலு வருசம் தேத்தண்ணி வலைப்பூ நடத்தி மூடின ஆள், அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன் பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலாவது வருசம் உங்களை மாதிரித்தான், ஆனா எனக்கு அது சந்தோசமா இருந்தது, குளிர்காலத்தில வேலை முடிஞ்சு வந்து ஒரு கோப்பை போட்டுக்கொண்டு யன்னலடியில இருந்து எழுதுவன், ஊரில டச்சு பே கடற்கரையில அப்பப்பாவோட போய்க் குடிச்ச பிளேன்டீ, கோணேசர் கோயிலடியில மான் வந்து பக்கத்தில நிக்க நிக்கக் குடிச்ச தேத்தண்ணி, இப்பிடி. வாசிச்சவை ஒரு நாற்பது பேர் இருப்பினம், எல்லாரையும் எனக்குத் தெரியும். ரெண்டாம் வருசம் தாய்வான் ஊலோங், யப்பான் செஞ்சா எண்டு காசு செலவழிச்சு வாங்கத் தொடங்கினன். அதுவும் பிழையில்ல, ஊலோங் ஒண்டையே ஏழு தரம் ஊத்தி ஏழு தரமும் வேற ருசி வாறதை முதல்தரம் பாத்தபோது உண்மையாவே மயிர்க்கூச்செறிஞ்சது.

பிறகுதான் வினை. ஒரு கம்பனி, பேர் வேண்டாம், சும்மா சாம்பிள் அனுப்பத் தொடங்கினது. மாதம் ஒரு பெட்டி. முதல் பெட்டி நல்லது. மூண்டாம் பெட்டியில வந்தது பழைய சரக்கு, திறந்தவுடன மணம் இல்ல, ஊத்தினா வைக்கோல் தண்ணி. நான் என்ன எழுதினன் தெரியுமோ? 'மென்மையான, அமைதியான கோப்பை.' அடுத்த பெட்டியும் வரோணும் எண்டு எழுதினன். அண்டைக்கு இரவு திரும்ப வாசிச்சன், பிறகு எனக்கு எழுத வரேல்ல. நேரமில்ல, பிள்ளை பிறந்திட்டுது, வேலை மாறிட்டுது எண்டு கனக்கக் காரணம் எல்லாருக்கும் சொன்னன். உண்மைக் காரணம் அந்த வைக்கோல் தண்ணி.

ஆனபடியா தங்கச்சி உங்களைக் கேக்கிறன், நீங்கள் எழுதின ஆறு பதிவில உங்களுக்கு உண்மையாவே பிடிச்சது எது? பச்சைத் தேநீரின் மகத்துவம் எண்டு எழுதினியளே, நீங்கள் பச்சைத் தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?


உப்புவெளிக்காரி
ஜூன் 17, காலை 7.05

ஒருக்காத்தான் குடிச்சனான். கொதி தண்ணியை அப்பிடியே ஊத்தினன், வேப்பம்பட்டை மாதிரி இருந்தது. மகத்துவம் எல்லாம் இணையத்தில எடுத்தது.


ஸ்காபரோ திருமலையான்
ஜூன் 17, காலை 7.20

அதுக்குத் தண்ணி கொதிக்கக் கூடாது, 70, 80 பாகை போதும். கொதி தண்ணி விட்டா கசப்பு முழுக்க இறங்கிடும். பாத்தீங்களா, 'வேப்பம்பட்டை' எண்டு இப்ப சொன்னதை அப்ப எழுதியிருந்தா நான் சிரிச்சு வாசிச்சிருப்பன்.

இன்னொரு சின்ன விசயம். கூகிளில ஆக்கள் தேடுறது 'டீ', இல்லாட்டி 'தேநீர்'. 'தேத்தண்ணி' எண்டு தலைப்பு வச்சா இந்தியாவில இருக்கிற ஆக்கள் ஆரும் வந்து சேரமாட்டினம். தலைப்பில மட்டுமாவது தேநீர் எண்டு வையுங்கோ.


கொட்டியாரக்குடா
ஜூன் 17, காலை 8.40

இதுதான் எனக்கு விளங்கிறேல்ல. ஏன் இந்தியாவில இருக்கிற ஆக்கள் வரோணும்? அவையளுக்குக் கோடிக்கணக்கில எழுத ஆள் இருக்கு. எங்கட வாயில 'தேநீர்' எண்டு ஆரும் சொல்லுறமா, கல்யாண வீட்டு மைக்கைத் தவிர? 'தேநீர் அருந்திச் செல்லவும்' எண்டு சொன்னாத்தான் தேநீர். மற்ற நேரமெல்லாம் தேத்தண்ணி, பிளேன்டீ. அதுவும் சும்மா சொல் இல்ல. சீனாவில தென்கிழக்குக் கரை ஹொக்கியன் பேச்சில 'தே', அதை ஒல்லாந்தர் கப்பலில ஏத்திக்கொண்டு போய்த்தான் ஐரோப்பாவுக்கே அந்தச் சொல் போனது. தரையால போன இடமெல்லாம் 'சா', 'சாய்', 'சாயா'. ஒல்லாந்தர் கோட்டை கட்டின ஊரில இருந்துகொண்டு தேத்தண்ணியை மறைச்சு எழுதச் சொல்லாதையுங்கோ.


ஸ்காபரோ திருமலையான்
ஜூன் 17, காலை 9.02

மறைக்கச் சொல்லேல்ல அண்ணை, தலைப்பில மட்டும் எண்டுதான் சொன்னன்.


கொட்டியாரக்குடா
ஜூன் 17, காலை 9.10

தலைப்பில மறைச்சா முகத்தை மறைச்ச மாதிரி.


மொடறேட்டர்
ஜூன் 17, காலை 9.30

இந்தச் சண்டைக்கு மொழிப் பகுதியில ஏற்கனவே 14 பக்க இழை இருக்கு, அங்க போங்கோ ரெண்டு பேரும். இஞ்ச அக்காவின்ர கொப்பி.


லயத்துப் பேரன்
ஜூன் 17, இரவு 8.15

அக்கா, நானும் உங்க முதல் பதிவ வாசிச்சேன். நான் இங்கதான் திருகோணமலை, ஆனா எங்க அப்பாயி தாத்தா எல்லாம் பதுளை பக்கம் தோட்டத்தில இருந்தவங்க, 77 கலவரத்துக்குப் பெறகு இந்தப் பக்கம் வந்தாங்க. ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு. உங்க வரலாத்துல டெய்லர் இருக்காரு, லிப்டன் இருக்காரு, 1883-ல கொழும்பு ஏலம் இருக்கு. கொழுந்து பறிச்ச ஆளு ஒருத்தர்கூட இல்லக்கா. 2023-ல மலையகத்துக்கு 200 வருசம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்தப் பாதையில நடந்து வந்தவங்கதான காட்ட வெட்டி கோப்பியும் தேயிலையும் போட்டது.

சண்டைக்குச் சொல்லல. எழுத ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க, அதனால சொல்றேன். எங்க அப்பாயி இன்னும் இருக்கு, வயசு தெரியாது, 80க்கு மேல. வெரல்ல கறை இன்னும் போகல, கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் சேர்ற எடத்துல கோடு கோடா இருக்கும். மட்டக்கம்ப (கொழுந்து பறிக்கிறப்ப செடிக்கு மேல மட்டம் பாக்குற கம்பு) வாசல் மரத்துல சாத்தி வச்சமாதிரியே கனவு வருதுன்னு சொல்லும். நீங்க நல்ல பீஓபி வாங்கிட்டுப் போய் ஊத்திக் குடுத்தா என்ன சொல்லும்னு எனக்கே பாக்கணும்போல இருக்கு, ஏன்னா தோட்டத்துல இருந்தவரைக்கும் அவங்க குடிச்சது ஸ்டோர்ல குடுத்த தூளுதான், நல்ல எலை எல்லாம் பெட்டியில ஏறி கொழும்புக்குப் போயிரும். நாள் சம்பளம் 1000 ரூவா ஆக்கவே எத்தன வருசம் கத்துனாங்க, 2021-லதான் வர்த்தமானி வந்துச்சு. பறிச்சவங்க நல்ல தேத்தண்ணி குடிக்கல அக்கா.


உப்புவெளிக்காரி
ஜூன் 17, இரவு 9.40

தம்பி, வாசிச்சுப்போட்டுக் கனநேரம் ஒண்டும் எழுத வரேல்ல. வாற ஞாயிறு அப்பாயி வீட்டில நிப்பாவோ? என்ன கொண்டு வர?


லயத்துப் பேரன்
ஜூன் 17, இரவு 9.48

வாங்கக்கா. பாதி கிலோ சீனியும் கொண்டாங்க, அது சீனி நெறைய போடும்.


ஓர்ஸ்ஹில் கிழவன்
ஜூன் 18, காலை 6.05

தம்பி சொன்னது என்னைப் பிடிச்சுக் குத்தினது. 22 வருசம் கொப்பி தூக்கினன், ஒரு கொழுந்துக் கூடையைக் கிட்ட நிண்டு பாத்ததில்ல.

பிள்ளை, பஞ்சி எண்டு முதல் பதிவில எழுதினீர். தேயிலைக்காரரிட்டயும் அதே சத்தத்தில ஒரு சொல் இருக்கு, பஞ்சி. வடக்கத்திச் சொல், சோம்பல் எண்டு நாங்கள் சொல்லுற எங்கட பஞ்சிக்கு உறவு இல்ல, ஆனா கேட்டா ஒண்டுதான். ஒரு கிளை நாலஞ்சு இலை விட்டிட்டு, நுனி மொட்டு வளராம சிறுத்துச் சும்மா கிடக்கும். செடி சாகிறேல்ல, நோயும் இல்ல, அதின்ர முறை அது. தோட்டத்தில அந்தப் பஞ்சியைக் கிள்ளி எறிவினம், கீழ்க் கணுவால புதுசு வெடிக்கும். நீர் மாசியில இருந்து பஞ்சி.


பஞ்சி மன்னன்
ஜூன் 18, காலை 8.00

என்ர பேருக்கு இப்பிடி ஒரு மரியாதை இருக்கெண்டு தெரியாமப் போச்சே அய்யா.


கொட்டியாரக்குடா
ஜூலை 9, மதியம் 2.20

இழையை மேல தூக்கி விடுறன், மூண்டு கிழமையா ஆரையும் காணேல்ல. இந்தக் கச்சான் காத்துக்கு வெளியில போகேலாது, கதவைச் சாத்தினா புழுக்கம், திறந்தா மண். அக்கா எழுதுறாவோ?

சும்மா இருக்கேக்க ஒண்டு யோசிச்சன், இஞ்ச ஒரு தேயிலைச் செடியும் இல்ல எண்டு சொன்னாவே. எங்களை இப்ப வறுத்தெடுக்கிற இதே காத்துத்தான் பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் குடுக்கிறது. தென்மேல் பருவக்காத்து மேற்கு மலையில மழையைக் கொட்டிப்போட்டு, மலை ஏறி இந்தப் பக்கம் இறங்கேக்க காய்ஞ்சு சூடா இறங்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அங்க செடி தண்ணி இல்லாமல் தவிச்சு மெதுவா வளரும், அந்தத் தவிப்பிலதான் மணம் கூடுமாம். இஞ்ச வாய் காயுது, அங்க கொழுந்து மணக்குது. (கச்சான் எண்டவுடன கடலை எண்டு நினைச்சு ஓடிவந்த இந்தியத் தோழர்கள் மன்னிக்கோணும், நாங்கள் நிலக்கடலையையும் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்.)


ஓர்ஸ்ஹில் கிழவன்
ஜூலை 9, மாலை 4.45

மெத்தச் சரி. அந்த மாதங்களில வாற ஊவாவை மேசையில கண் மூடிக்கொண்டு சொல்லலாம், ஒரு தைல மணம் வரும், முதுகு பிடிச்சா பூசுவமே அந்த மணம். புதுசா வந்த பொடியன்கள் கோப்பை கழுவினது சரியில்ல எண்டு சண்டைக்கு வருவாங்கள்.


உப்புவெளிக்காரி
ஜூலை 13, இரவு 10.10

நான் இருக்கிறன், ஓடேல்ல! வெள்ளிக்கிழமைக் கடை துறந்தபடி. மூண்டு வெள்ளி போட்டாச்சு: கருவாட்டு டின், வெறுங்கை, அப்பாயி. ஜலீல் நானாவின்ர கடைக்கு அந்த மூத்தவர் வந்து தன்ர கதையை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

அப்பாயியின்ர பதிவு எனக்குக் கஷ்டமா இருந்தது, நாலு தரம் அழிச்சு எழுதினன். நான் கொண்டு போன பீஓபியை, அய்யா சொன்ன கணக்கில, 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிசம், சின்னத் தராசில நிறுத்து ஊத்திக் குடுத்தன். பெரிய ஆள் மாதிரி. அவ வாங்கி, முதல்ல குடிக்கேல்ல, சக்கையைக் கேட்டா. வடியில கிடந்ததைக் கையில எடுத்து உள்ளங்கையில விரிச்சுப் பாத்துப்போட்டு, 'முத்தல் இல்ல, நல்லா கிள்ளியிருக்கா' எண்டு சொன்னா. கிள்ளினவவை! அதுக்குப் பிறகுதான் கோப்பையை எடுத்தா, நாலு கரண்டி சீனி போட்டா, குடிச்சா. எப்பிடி அப்பாயி எண்டு கேட்டன். 'சுடுது' எண்டா. இதுதான் முழுப் பதிவும், மேலதிகமா நான் ஒண்டும் சேக்கேல்ல. 212 பேர் பாத்திருக்கினம், அதில நான் ரெண்டு தரம்தான்.

ஆனா வேற பிரச்சினை ஒண்டு. எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில ஊத்தினா ஆறேக்க மேல ஒரு ஆடை படியுது, எண்ணெய் மாதிரி மினுங்கும், கரண்டியால தொட்டா கண்ணாடிச் சில் மாதிரி உடையும், கோப்பைச் சுவரில மண்ணிறக் கோடு. முதல்ல நினைச்சன் கோப்பையில சோப் எண்டு. பிறகு குழாய்த் தண்ணியில அதே தேயிலை அதே நிறை ஊத்தினன், ஆடை மெல்லிசு, நிறமும் கொஞ்சம் செம்மஞ்சள். கொப்பியில ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில படம் கீறியிருக்கிறன். ஏன் இப்பிடி?


ஜாவா வீதி ஜலீல்
ஜூலை 14, காலை 11.00

கல்லுத் தண்ணி தங்கச்சி. கேத்திலுக்குள்ள கையை விட்டுப் பாருங்க, வெள்ளையா ஓடு பிடிச்சிருக்கும். எங்கட கடைக்கு வாப்பா காலத்தில நல்ல தண்ணிக் கிணறு பாத்து வண்டிலில எடுத்ததுதான், பக்கத்துக் கிணறு இரிக்க ஏன் அங்க போறீங்க எண்டு சனம் கேக்கும். கடைக்கு டஸ்ட்தான் போடுறது, தூள் சின்னன் எண்டதால சாயம் கெதியா இறங்கும், அந்தச் சாயத்திலயும் கல்லுத் தண்ணி எண்டா கண்டுபிடிச்சிருவாங்க.


ஸ்காபரோ திருமலையான்
ஜூலை 14, இரவு 9.15

ஓம், சுண்ணாம்பு கூடின தண்ணி. தண்ணியில இருக்கிற கல்சியமும் பைகாபனேற்றும் தேத்தண்ணிச் சத்தோட காத்துப் படுற மேற்பரப்பில சேந்துதான் அந்த ஆடை வாறது. 1993-ல நேச்சர் சஞ்சிகையில இந்த ஆடையைப் பற்றியே ஒரு கட்டுரை வந்திருக்கு, விஞ்ஞானிகளுக்கும் வேற வேலையில்ல. தேசிக்காய்ப் புளி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கோ.

பி.கு: நேற்று என்ர பழைய வலைப்பூவின்ர கடவுச்சொல்லைத் தேடினனான். கிடைக்கேல்ல. புதுசா ஒண்டு திறந்திட்டன். முதல் பதிவு வைக்கோல் தண்ணி. தலைப்பு 'தேத்தண்ணி'தான், கொட்டியாரத்தார் சந்தோசமா இருக்கட்டும்.


கொட்டியாரக்குடா
ஜூலை 14, இரவு 9.22

வந்து வாசிச்சன். முதல் ஆள் நான்தான்.


உப்புவெளிக்காரி
ஜூலை 18, வெள்ளி, மாலை 6.50

செய்து பாத்தன். மூண்டு கோப்பை: கிணறு, குழாய், கிணறோட தேசிக்காய். மூண்டாவதில ஆடையே இல்ல! நிறமும் கண்ணுக்கு முன்னாலயே வெளுத்து, கடுஞ் செம்மண் நிறத்தில இருந்து தேன் நிறத்துக்கு வந்திட்டுது, அம்மாவைக் கூப்பிட்டுத் திரும்ப ஒருக்காச் செய்து காட்டினன். அவ பாத்துப்போட்டு, இதுக்கே கொப்பியும் தராசும், உன்ர அம்மம்மா கிணத்துத் தண்ணிக்குத் தேசிக்காய் விடாமல் ஒருநாளும் பிளேன்டீ தந்ததில்லையே எண்டு கேட்டா. எனக்கு அது ஞாபகமே இல்ல.

அம்மம்மாவின்ர கிணறு அன்புவழிபுரத்தில, இப்ப அந்தக் காணியில வேற ஆக்கள். ஒரு போத்தல் தண்ணி கேட்டாத் தருவினமோ தெரியேல்ல. நாளைக்குப் போறன். ஜலீல் நானா, போத்தல் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ நல்லது?


ஜாவா வீதி ஜலீல்
ஜூலை 18, இரவு 7.30

கண்ணாடி. ரெண்டு போத்தல் எடுங்க, ஒண்டு எனக்கு.